கரியர் காலேஜ்ல மழலையர் டீச்சர் படிப்பு: சேர்றதுக்கு முன்னாடியிருந்து வேலை தேடுற வரைக்கும்

"எனக்குக் குழந்தைங்கன்னா உயிரு, அதான் இந்தக் கோர்ஸ்ல சேரலாம்னு இருக்கேன்"னு யாராவது சொன்னா நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு குழந்தைய பத்து நிமிஷம், எதுவும் பேசாம, எதுலயும் தலையிடாம, சும்மா உக்காந்து பாத்திருக்கீங்களா? நெறைய பேர் பாத்திருக்க மாட்டாங்க, நானும் படிக்கப் போறதுக்கு முன்னாடி பாத்ததில்ல. பாசம் வேணும்தான், அது இல்லாம இந்த வேலைல ஒரு வாரம் கூட நிக்க முடியாது, ஆனா இந்தப் படிப்புல சொல்லிக் குடுக்குறது பாசத்த இல்ல, பாக்குறத. குழந்தை என்ன பண்ணுது, எதுக்கு அப்பறம் பண்ணுது, அடுத்து என்ன பண்ணப் போகுதுன்னு கண்ண வச்சுப் பாத்து, பாத்தத அப்படியே எழுதி, அதுலேர்ந்து நாளைக்கு என்ன செய்யலாம்னு முடிவு பண்றதுதான் கோர்ஸே. இது மனசுல இருந்துச்சுன்னா எந்தக் காலேஜ்ல சேரணும், எப்படிப் படிக்கணும்ங்கறது ரெண்டும் பாதி தெளிவாயிடும்.

முதல்ல அடிப்படை. இந்தத் துறைல "சின்னக் குழந்தை"ன்னா பொறந்ததுலேர்ந்து 8 வயசு வரைக்கும், யுனெஸ்கோவும் அப்படித்தான் கணக்கு வைக்குது. அதனால மூணு வயசுக் குழந்தைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்குறது மட்டும்தான் வேலைன்னு நினைச்சு வராதீங்க, ஆறு மாசக் குழந்தைக்கு டயப்பர் மாத்துறதும் இதே படிப்புலதான் வரும், ஏழு வயசுப் பிள்ளைக்கு வாசிக்கக் கஷ்டமா இருக்கறத கண்டுபிடிக்கிறதும் இதே படிப்புலதான் வரும். கரியர் காலேஜ்ங்கறது யுனிவர்சிட்டி மாதிரி மூணு நாலு வருஷம் இழுக்காது, வேலைக்குத் தேவையானத மட்டும் நெருக்கிப் பிடிச்சு சில மாசத்துலயோ ஒண்ணு ரெண்டு வருஷத்துலயோ முடிச்சு சர்டிஃபிகேட்டோ டிப்ளமாவோ குடுத்துடுவாங்க. க்ளாஸ் சின்னதா இருக்கும், சாயங்கால பேட்ச் இருக்கும், கல்யாணமாகி குழந்தை இருக்கறவங்க, வேற வேலைலேர்ந்து மாறி வர்றவங்கன்னு கூடப் படிக்கிறவங்களும் கலந்து இருப்பாங்க. அது பெரிய வசதி. ஆனா ஒரு பெரிய ஆபத்தும் அதே இடத்துலதான் இருக்கு.

காலேஜுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி லைசென்ஸ் ஆபீஸுக்குப் பண்ணுங்க

நீங்க படிச்சு வாங்கப் போற பேப்பர் உங்கள டீச்சரா ஆக்குமா, அசிஸ்டென்ட்டா மட்டும் ஆக்குமா? இதுக்குப் பதில் காலேஜ் கைல இல்ல, நீங்க வேலை பாக்கப் போற இடத்துல டேகேருக்கும் ப்ரீஸ்கூலுக்கும் லைசென்ஸ் குடுக்குறாங்களே, இல்ல டீச்சர்ங்கள ரெஜிஸ்டர் பண்றாங்களே, அவங்க கைலதான் இருக்கு. ஒரே மாதிரி பேர் வச்ச ரெண்டு கோர்ஸ், ஒண்ணு முடிச்சா க்ளாஸுக்குப் பொறுப்பா நிக்கலாம், இன்னொண்ணு முடிச்சா உதவியாளா மட்டும்தான் நிக்கலாம், சம்பளமும் அதுக்கேத்த மாதிரிதான். ஒரு எடத்துல செல்லுபடியாகுற சர்டிஃபிகேட் பக்கத்து மாநிலத்துலயே செல்லாமப் போறதும் உண்டு.

அதனால கோர்ஸோட முழுப் பேர், எந்தக் காலேஜ், எந்த கேம்பஸ், எந்த வருஷம் சேர்றீங்க, இந்த நாலையும் எழுதி அந்த ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க, "இத முடிச்சா நான் எந்தப் பதவிக்குத் தகுதி, எந்த வயசுக் குழந்தைங்க கூட வேலை பாக்கலாம், இதுக்கு மேல என்ன படிக்கணும்"னு. பதில் எழுத்துல வரட்டும். போன்ல சொல்றத நம்பி ஃபீஸ் கட்டாதீங்க. என் கூடப் படிச்ச ஒரு அக்கா எல்லாத்தையும் முடிச்சுட்டு ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் போனப்பதான் அந்தக் கோர்ஸ் அசிஸ்டென்ட் லெவல்னு தெரிஞ்சுது, மறுபடி முதல்லேர்ந்து படிக்க வேண்டியதாயிடுச்சு. ஒரே ஒரு மெயில்ல தடுத்திருக்கக் கூடிய விஷயம், இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

அதுக்கப்பறம் காலேஜ்கிட்ட கேளுங்க. அட்மிஷன்ல உக்காந்திருக்கறவங்க வேலை சீட்ட நிரப்புறது, அது அவங்க தப்பு இல்ல, ஆனா நீங்க அத தெரிஞ்சுகிட்டுப் பேசணும். ப்ராக்டிகம்ங்கறது நெஜமான டேகேர்லயோ ப்ரீஸ்கூல்லயோ போயி வேலை பாத்துப் பழகுற பயிற்சி. "ப்ராக்டிகம் எத்தன மணி நேரம்"னு கேட்டா எல்லாரும் ஒரு நம்பர் சொல்வாங்க, அதோட நிறுத்தாதீங்க. அந்த மணி நேரம் எத்தன வயசுப் பிரிவுல பிரியுது, கைக்குழந்தை ரூம், தவழ்றவங்க நடக்கறவங்க ரூம், மூணு நாலு வயசு ரூம் மூணுலயும் போடுவீங்களா, இடத்த நீங்க புடிச்சுக் குடுப்பீங்களா இல்ல நானே தேடணுமா, முக்கியமா காலேஜ்லேர்ந்து ஒருத்தர் நேர்ல வந்து நான் வேலை பாக்குறத எத்தன தடவ பாப்பாங்க? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமா படுது. உங்கள யாருமே வந்து பாக்காத ப்ராக்டிகம், சம்பளம் இல்லாத வேலை அவ்ளோதான், அதுல படிப்பு இல்ல. யாராவது வந்து ஓரமா உக்காந்து நீங்க ஒரு குழந்தைகிட்ட பேசுறதப் பாத்துட்டு, "அந்த எடத்துல கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்"னு சொல்றாங்க பாருங்க, அதுக்குத்தான் காசு கட்டுறோம்.

ஃபீஸ் விஷயத்துல மொத்தக் கணக்கு கேளுங்க. ட்யூஷன் மட்டும் சொல்லுவாங்க, ஆனா போலீஸ் செக் (உங்க மேல குற்ற வழக்கு இருக்கான்னு பாக்குற சான்று), தடுப்பூசி, காசநோய் டெஸ்ட், முதலுதவி சர்டிஃபிகேட், புக், ப்ராக்டிகம் போக வர பஸ் செலவு எல்லாம் தனி. அதை விடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு, ப்ராக்டிகம் நடக்குற வாரங்கள்ல பகல்ல வேற வேலைக்குப் போக முடியாது. சாயங்கால பேட்ச்ன்னு சொல்லிச் சேத்துப்பாங்க, க்ளாஸ் சாயங்காலம்தான், ஆனா டேகேர் பகல்லதான திறந்திருக்கும்? அந்த வாரங்களுக்கு வீட்டுச் செலவ எப்படிச் சமாளிக்கறதுன்னு சேர்ற நாளே கணக்குப் போட்டு வச்சுக்கோங்க. நடுவுல நிறுத்தினா எவ்வளவு பணம் திரும்பி வரும், எந்தத் தேதி வரைக்கும்னு ஒப்பந்தத்துல படிச்சுட்டு அப்பறம் கையெழுத்து போடுங்க. முடிஞ்சா ஒரு நாள் க்ளாஸ்ல உக்காந்து பாக்க அனுமதி கேளுங்க, பாடம் எடுக்கறவங்க குழந்தைங்க கூட எத்தன வருஷம் வேலை பாத்தவங்கன்னும் கேளுங்க. ரூம்ல நின்னவங்க சொல்லித் தர்ற பாடத்துல ஒரு தனி வாசனை இருக்கும்.

போலீஸ் செக் வர லேட் ஆகும், இத மட்டும் முதல் வாரத்துலயே அப்ளை பண்ணிடுங்க. அது வராம ப்ராக்டிகம் ஆரம்பிக்க விட மாட்டாங்க.

தியரிய எப்படிப் படிக்கறது

முதல் மாசத்துல, குழந்தைங்க எப்படி வளர்றாங்க, எப்படிக் கத்துக்கறாங்கன்னு சொன்னவங்க பேரா கொட்டும். பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன், பௌல்பி, மான்டிசோரி, ஃப்ரோபெல்னு. மனப்பாடம் பண்ணிப் பரீட்சைல எழுதிட்டு மறந்துடுவாங்க பாதிப் பேர். நான் பண்ணினது இதுதான், ஒவ்வொரு பேருக்கும் நான் நேர்ல பாத்த ஒரு குழந்தைய முடிச்சுப் போட்டு வச்சுகிட்டேன். பியாஜே சொன்னாருன்னா ரெண்டு வயசு வரைக்கும் குழந்தை தொட்டு, வாய்ல வச்சு, அசைச்சுப் பாத்துதான் உலகத்தப் புரிஞ்சுக்கும், ரெண்டுலேர்ந்து ஏழு வரைக்கும் கற்பனை இருக்கும் ஆனா பெரியவங்க தர்க்கம் இருக்காது. இதப் படிச்ச அன்னைக்கே ஒரு நாலு வயசுக் குழந்தை முன்னாடி ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல சமமா தண்ணி வச்சு, ஒண்ண மட்டும் ஒல்லியான உயரமான டம்ளர்ல ஊத்தி, "இப்ப எதுல நெறைய இருக்கு"ன்னு கேட்டுப் பாருங்க. உயரமானதக் காட்டும், பெரும்பாலும். கண்ணு முன்னாடிதான் ஊத்தினோம், ஆனாலும் அதுலதான் நெறையன்னு சொல்லும். அந்த நிமிஷத்துக்கு அப்பறம் அந்தப் பாடம் மறக்கவே மறக்காது. (பியாஜே நினைச்சத விடக் கைக்குழந்தைங்களுக்கு முன்னாடியே நெறைய விஷயம் புரியுதுன்னு பின்னாடி வந்த ஆராய்ச்சிங்க காட்டியிருக்கு, அதனால அவர் சொன்ன வயசுங்கள கோடு கிழிச்ச மாதிரி எடுத்துக்காதீங்க.)

வைகாட்ஸ்கிய ஒரு புதிர் அட்டைல பாத்துடலாம். குழந்தை தனியா முடிக்கிறது ஒரு அளவு, எவ்வளவு உதவி பண்ணினாலும் முடியாதது ஒரு அளவு, நடுவுல "கொஞ்சம் திருப்பிப் பாரேன்"னு ஒரு வார்த்தை சொன்னா முடிச்சுடுமே, அந்த நடு இடம்தான் அவர் சொன்னது. டீச்சர் நிக்க வேண்டிய இடமும் அதுதான். துண்ட எடுத்து நீங்களே வச்சுட்டீங்கன்னா அந்த இடம் போச்சு.

மில்ட்ரெட் பார்ட்டன்ங்கற ஆராய்ச்சியாளர் 1932ல எழுதின விளையாட்டு வகைங்க ப்ராக்டிகம்ல தினமும் கைகுடுக்கும். எதுலயும் சேராம இருக்கறது, தனியா விளையாடறது, மத்தவங்க விளையாடறதப் பாத்துகிட்டு நிக்கறது, பக்கத்துல பக்கத்துல ஆனா தனித்தனியா விளையாடறது, பொருளக் குடுத்து வாங்கி விளையாடறது, ஒண்ணா திட்டம் போட்டு விளையாடறது. இதுல "பாத்துகிட்டு நிக்கறது" இருக்குல்ல, புதுசா வர்ற ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் அந்தக் குழந்தையக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி நடுவுல விட்டுடுவாங்க, பாவம் தனியா நிக்குதேன்னு. அது தனியா நிக்கல, விளையாட்டோட விதியக் கத்துகிட்டு இருக்கு. கொஞ்சம் விடுங்க, தானா ஒரு பொம்மைய எடுத்துட்டு உள்ள நுழையும்.

வரலாறு வேகமா படிச்சுட்டுப் போலாம். ஃப்ரோபெல் 1837ல ஜெர்மனில ஆரம்பிச்சத பின்னாடி கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகள் தோட்டம்னு பேர் வச்சாரு, மான்டிசோரி டாக்டருக்குப் படிச்சவங்க, 1907ல ரோம்ல ஏழைக் குழந்தைங்களுக்காக "குழந்தைகள் வீடு"ங்கற முதல் பள்ளியத் திறந்தாங்க, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட இத்தாலில ரெஜ்ஜோ எமிலியால அப்பா அம்மாங்களே சேந்து பள்ளி கட்ட, அதுல லோரிஸ் மலகுட்சிங்கற டீச்சர் வந்து சேந்தாரு. இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு, குழந்தைய முதல்ல உக்காந்து பாத்தாங்க, அப்பறம்தான் பாடம் யோசிச்சாங்க.

அப்சர்வேஷன் எழுதறது

இங்கதான் நெறைய பேருக்கு மார்க் போகும், இங்கதான் நல்ல டீச்சரும் உருவாகும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

சட்டைப் பையிலயோ ஏப்ரன் பையிலயோ அடங்குற மாதிரி ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். குழந்தையோட முழுப் பேர் எழுதக் கூடாது, முதல் எழுத்து போதும், வயச வருஷம் மாசத்தோட எழுதுங்க, ஏன்னா இந்த வயசுல மூணு மாசமே பெரிய வித்தியாசம். நேரம் போடுங்க. அப்பறம் கேமரா எதப் பாக்குமோ மைக் எதக் கேக்குமோ அத மட்டும் எழுதுங்க.

"கா. இன்னைக்குக் கோவமா இருந்தான், பொறாமைல தம்பிகிட்டேர்ந்து லாரியப் புடுங்கினான்." இது அப்சர்வேஷன் இல்ல, இது உங்க அபிப்ராயம். கோவம், பொறாமை ரெண்டுமே நீங்க சேத்தது. "9.40. கா. கம்பளத்துல உக்காந்திருக்கான். நி. நீல லாரிய எடுக்கறான். கா. எழுந்து போயி ரெண்டு கையாலயும் லாரியப் புடிச்சு இழுக்கறான், 'என்து'ன்னு சொல்றான். நி. விடல. கா. வாசல் பக்கம் பாக்கறான், மறுபடி இழுக்கறான்." இது அப்சர்வேஷன். இதுல அந்த வாசல் பக்கம் பாத்தது இருக்கு பாருங்க, முதல் மாதிரி எழுதியிருந்தா அது காணாமப் போயிருக்கும். ஏன் வாசலப் பாத்தான்? டீச்சர் வர்றாங்களான்னா, அம்மா வர்றாங்களான்னா, அன்னைக்கு லேட்டா விட்டுட்டுப் போனாங்களா? கேள்வி அங்கேர்ந்துதான் பொறக்குது. உங்க யூகத்த எழுதலாம், ஆனா தனியா, பக்கத்துக் கட்டத்துல, யூகம்னு தெரியற மாதிரி.

என்னோட ரெண்டாவது ப்ராக்டிகம்ல ஒரு மூணேகால் வயசுப் பையன் இருந்தான். மத்தக் குழந்தைங்களத் தள்ளி விடுவான், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. நான் நோட்டுல "முரட்டுத்தனம் அதிகம்"னு எழுதி வச்சிருந்தேன். என்னப் பாக்க வந்த சூப்பர்வைசர் அந்த ரெண்டு வார்த்தையவும் பென்சிலால அடிச்சுட்டு, "ஒரு வாரத்துக்கு இந்தத் தாள்ல மூணு கட்டம் போடு, தள்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன பண்ணினான், அதுக்கப்பறம் என்ன நடந்துச்சு, வேற எதுவும் எழுதாத"ன்னாங்க. எழுதினேன். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து பாத்தா, தள்ளினதுல முக்கால்வாசி ஒரே நேரத்துலதான், "எல்லாரும் எடுத்து வைங்க"ன்னு டீச்சர் குரல் குடுத்த உடனே. அவன் கட்டைய அடுக்கிகிட்டு இருப்பான், பாதில எல்லாரும் வந்து கட்டைய எடுக்க ஆரம்பிப்பாங்க, அவன் தள்ளுவான். அவனுக்கு முரட்டுத்தனம் இல்ல, முடிக்க நேரம் இல்ல. திங்கக்கிழமைலேர்ந்து அஞ்சு நிமிஷம் முன்னாடியே பக்கத்துல போயி உக்காந்து "இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்து வைக்கணும், நீ எத முடிக்கணும்?"னு கேக்க ஆரம்பிச்சோம், முடியாதத அப்படியே வச்சு "நாளைக்குத் தொடரும்"னு ஒரு அட்டையும் மேல வச்சோம். தள்றது நிக்கல, ஆனா ஒரு நாளைக்கு ஒண்ணு, சில நாள் அதுவும் இல்லன்னு ஆச்சு. நான் எழுதின அந்த ரெண்டு வார்த்தை அவன் ஃபைல்ல போயிருந்தா அடுத்த வருஷ டீச்சர் அவன அந்தக் கண்ணோடதான் பாத்திருப்பாங்க. அதுக்கப்பறம் ஒரு குழந்தையப் பத்தி பட்டம் கட்டுற வார்த்தை எதையும் நான் நோட்டுல எழுதினதே இல்ல.

இன்னும் வேற வகைங்களும் சொல்லிக் குடுப்பாங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நிமிந்து பாத்துக் குறிக்கறது, ஒரு குறிப்பிட்ட விஷயம் நடக்கறப்ப மட்டும் குறிக்கறது, செக்லிஸ்ட்னு. செக்லிஸ்ட் வேகமா முடியும்ங்கறதால எல்லாரும் அதுலயே ஒட்டிக்குவாங்க. குழந்தை ஒண்ணப் பண்ணுமா பண்ணாதான்னு மட்டும்தான் அது சொல்லும், எப்படிப் பண்ணுச்சுன்னு சொல்லாது. உங்க வீட்டுல குழந்தை இருந்தா இன்னொரு விஷயம், படிக்கிற மாசங்கள்ல உங்க பிள்ளையையே செக்லிஸ்ட்ல வச்சு அளக்கத் தோணும், ராத்திரி தூக்கம் வராது. குழந்தைங்க வளர்ற வேகம் நெறைய மாறும், சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா முடிவு கட்டாதீங்க. ப்ராக்டிகம்லயும் இதே விதிதான், அப்பா அம்மாகிட்ட "உங்க பையனுக்கு இந்தப் பிரச்சனை இருக்கு"ன்னு ஸ்டூடன்ட் வாயிலேர்ந்து வரவே கூடாது, பாத்தத ரூம் டீச்சர்கிட்ட சொல்லுங்க.

ப்ராக்டிகம்

முதல் நாள் ஏதாவது பெரிசா செய்யணும்னு போகாதீங்க. தரைல உக்காருங்க. குழந்தைங்களே வருவாங்க, "நீங்க யாரு மிஸ்"னு. பேர்கள அன்னைக்கே கத்துக்கோங்க, பேர் சரியா உச்சரிக்கத் தெரியலன்னா அப்பா அம்மாகிட்டயே கேட்டுக் கத்துக்கோங்க. போன் லாக்கர்ல இருக்கட்டும், ஒரு போட்டோ கூட எடுக்காதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும்.

ரூம்ல எங்க நிக்கறோம்ங்கறது ஒரு திறமை. முதுகு சுவத்துக்கு, கண்ணு ரூமுக்கு. ஒரு குழந்தை கூட உக்காந்திருந்தாலும் மத்தவங்க கண்ல படுற மாதிரி திரும்பி உக்காரணும். வெளிய போறப்ப, உள்ள வர்றப்ப, விளையாட்டு மைதானத்துல நடுவுல, தலைய எண்ணுங்க, ரூம் டீச்சர் எண்ணினாலும் நீங்களும் எண்ணுங்க. ஒரு பெரியவங்களுக்கு எத்தன குழந்தைங்கங்கறது இடத்துக்கு இடம் மாறும், ஆனா வயசு குறையக் குறைய அந்த எண்ணிக்கையும் குறையும், நீங்க இருக்கற எடத்து நம்பர மனப்பாடமா வச்சுக்கோங்க. ஸ்டூடன்ட்ட அந்தக் கணக்குல சேக்கலாமாங்கறதையும் கேட்டு வச்சுக்கோங்க, ஆள் பத்தலன்னு உங்கள தனியா விட்டா காலேஜுக்குச் சொல்லுங்க.

பாதுகாப்பு விஷயங்கள்ல "ஏறக்குறைய சரி"ங்கறதே கிடையாது. கைக்குழந்தைய மல்லாக்கத்தான் தூங்க வைக்கணும், தொட்டில்ல தலகாணி, தளர்வா கிடக்கற போர்வை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. திராட்சைய முழுசா குடுக்காதீங்க, நீளவாக்குல நாலா வெட்டுங்க. ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்குத் தொண்டைல அடைச்சா வயித்துல அழுத்தவே கூடாது, முதுகுல அஞ்சு தட்டு, மார்புல அஞ்சு அழுத்து, மாத்தி மாத்தி. தனி ஆளா சிபிஆர் (மூச்சும் இதயமும் நின்னா மார்ப அழுத்தி மூச்சு குடுக்கற முதலுதவி) பண்ணா 30 அழுத்துக்கு 2 மூச்சு. இதெல்லாம் படிச்சா வராது, முதலுதவி க்ளாஸ்ல பொம்மைல பண்ணிப் பழகணும், கை வலிக்கிற வரைக்கும் பண்ணுங்க, அந்த ஒரு க்ளாஸ எந்தக் காரணத்துக்காகவும் தவற விடாதீங்க.

டயப்பர் மாத்துறது அருவருப்பான வேலைன்னு நினைச்சு சீக்கிரம் முடிச்சுட்டு ஓடுவாங்க புதுசா வர்றவங்க. எமி பிக்லர்னு ஹங்கேரில ஒரு குழந்தை டாக்டர், 1946ல புடாபெஸ்ட்ல பெத்தவங்க இல்லாத குழந்தைங்களுக்கு ஒரு காப்பகம் ஆரம்பிச்சவங்க. அங்க குளிப்பாட்டுறது, உடுத்தறது, ஊட்டுறதுதான் குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் உறவு வளர்ற நேரம்னு வச்சு, அவசரமே படாம பண்ணுவாங்க. அத அப்படியே செய்யலாம், "இப்ப உன்னத் தூக்கப் போறேன்"னு சொல்லி கைய நீட்டுங்க, ஒரு நொடி காத்திருங்க, குழந்தை கைய நீட்டும். "கால தூக்கு பாக்கலாம்"னு கேளுங்க, சில மாசத்துல தூக்கும். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ, ஒரு குழந்தையோட முகத்துக்கு முகம் நீங்க தனியா இருக்கற நேரம் வேற எங்க கிடைக்கும்?

பேசற விதத்த மாத்தறதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. "ஓடாத"ன்னு சொன்னா குழந்தைக்கு "ஓடு"ங்கறதுதான் காதுல விழுந்த மாதிரி ஓடும், "உள்ள நடந்து போலாம்"னா நடக்கும். "வெரி குட், சூப்பர்"னு நூறு தடவ சொல்றதுக்குப் பதிலா "நீலத்துக்குப் பக்கத்துல மஞ்சள வச்சிருக்க, ரெண்டும் கலந்த எடத்துல பச்சையாயிடுச்சே"ன்னு சொல்லிப் பாருங்க, குழந்தை நின்னு அந்த எடத்தப் பாக்கும், இன்னொரு தடவ கலக்கும். காலைல அம்மா விட்டுட்டுப் போறப்ப குழந்தை அழுதா, "அவ பாக்காதப்ப நைசா போயிடுங்க"ன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. சொல்லிட்டுப் போகட்டும், அழட்டும், நீங்க தூக்கி வச்சுகிட்டு "அம்மா போயிட்டாங்கன்னு வருத்தமா இருக்கு, தூங்கி எழுந்ததும் வருவாங்க"ன்னு சொல்லுங்க. சொல்லாமப் போனா அடுத்த நாள் குழந்தை கண்ண எடுக்காம வாசலையே பாத்துகிட்டு இருக்கும்.

வீட்டுல வேற பாஷை பேசற குடும்பங்க "நாங்க வீட்டுலயும் பள்ளிக்கூட பாஷையே பேசணுமா"ன்னு கேப்பாங்க. வேண்டாம்னு தைரியமா சொல்லுங்க. வீட்டுப் பாஷை பலமா இருந்தா ரெண்டாவது பாஷை அதுமேல ஏறி நிக்கும், பாட்டிகிட்ட பேச வார்த்தை இல்லாமப் போனா அந்தக் குழந்தைக்கு நஷ்டம் பெருசு.

ஒரு கனமான விஷயம். ஒரு குழந்தைக்கு வீட்டுலயோ வேற எங்கயோ அடியோ கொடுமையோ நடக்குதோன்னு சந்தேகம் வந்தா, உங்க இடத்துல யார்கிட்ட எப்படிப் புகார் பண்ணணும்ங்கற சட்டத்த ப்ராக்டிகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே படிச்சு வச்சிருங்க, நெறைய எடங்கள்ல இது டீச்சரோட சட்டக் கடமை. குழந்தைகிட்ட தோண்டித் தோண்டிக் கேக்காதீங்க, "அப்பாதான அடிச்சாரு"ன்னு வார்த்தைய வாயில வைக்காதீங்க, அது சொன்ன வார்த்தையத் தேதி நேரத்தோட அப்படியே எழுதுங்க. இங்கயும் அதே நோட்டுதான், அதே பழக்கம்தான்.

லெசன் ப்ளான், அசைன்மென்ட், உடம்பு

லெசன் ப்ளான் எழுதறப்ப பெரிய நோக்கமா எழுதாதீங்க. "அறிவியல் மனப்பான்மை வளரும்"னு எழுதினா எப்படிச் சரி பாப்பீங்க? "மிதக்குமா முங்குமான்னு போடறதுக்கு முன்னாடி ஒரு யூகம் சொல்லும்", இத சரி பாக்கலாம். ஒரு தொட்டித் தண்ணி, இலை, கல்லு, ஸ்பூன், பஞ்சு, மூடி போட்ட டப்பா, மூடி இல்லாத டப்பா. நீங்க பேசறது ஒரே கேள்வி, "என்ன ஆகும்னு நினைக்கிற?" மத்தது அவங்க பேசட்டும். மூணு வயசுக் குழந்தைங்க வட்டமா உக்காந்து கேக்கறது சில நிமிஷம்தான், நெளிய ஆரம்பிச்சா உங்க திட்டம் முடியலன்னாலும் எழுப்பி விட்டுடுங்க. ஏன் இந்த வாரம் இந்த ஆக்டிவிட்டின்னு கேட்டா, போன வாரம் எழுதின அப்சர்வேஷன்லேர்ந்து ஒரு வரியக் காட்ட முடியணும். அந்த ஒரு வரி இருக்கற ப்ளானுக்கு மார்க் தானா வரும்.

அசைன்மென்ட்ட ப்ராக்டிகம் வாரங்களுக்குத் தள்ளாதீங்க, அந்த வாரங்கள்ல வீட்டுக்கு வந்தா கண்ணு சொக்கும். முதல் சில மாசம் சளி, காய்ச்சல், வயிறுன்னு மாறி மாறி வரும், கைய சோப்பு போட்டு 20 நொடி கழுவுங்க, குனிஞ்சு தூக்காம மண்டி போட்டுத் தூக்குங்க, இடுப்பு போச்சுன்னா இந்த வேலைல நிக்கறது கஷ்டம். படிக்கிற பாஷை உங்களுக்கு ரெண்டாவது பாஷையா இருந்தா, அப்சர்வேஷன மனசுல வர்ற பாஷையிலயே கிறுக்கி வச்சுட்டு அன்னைக்கே மாத்தி எழுதிடுங்க, ஒரு நாள் விட்டா பாதி மறந்துடும்.

வேலை தேடறப்ப

லெசன் ப்ளான் மூணு, பேர் அடையாளம் எல்லாம் எடுத்த அப்சர்வேஷன் ரெண்டு, அதுலேர்ந்து ஒண்ணு எப்படி அடுத்த ப்ளானா மாறுச்சுங்கறதுக்கு ஒரு பக்கம், சூப்பர்வைசர் எழுதின குறிப்பு, சர்டிஃபிகேட் நகல்ங்க. ஃபைல் அவ்ளோ போதும், கலர் பேப்பர் அலங்காரம்லாம் வேண்டாம். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ரிசல்ட் வந்த உடனே அப்ளை பண்ணுங்க. இன்டர்வியூல "ஒரு குழந்தை இன்னொண்ணக் கடிச்சா என்ன பண்ணுவீங்க"ங்கற மாதிரி கேள்வி வரும், கடிபட்ட குழந்தைய முதல்ல பாப்பேன், கடிச்ச குழந்தைகிட்ட சுருக்கமா நிதானமா பேசுவேன், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுதுவேன்னு, நீங்க நெஜமா செஞ்சத சொல்லுங்க.

நீங்களும் அவங்கள இன்டர்வியூ பண்ணுங்க. எத்தன குழந்தைக்கு எத்தன பேரு, ப்ளான் எழுத சம்பளத்தோட நேரம் உண்டா, போன வருஷம் எத்தன டீச்சர் விட்டுட்டுப் போனாங்கன்னு கேளுங்க. அப்பறம் ஒரு மணி நேரம் ரூம்ல உக்காந்து பாக்க விடுவாங்களான்னு கேளுங்க, வட்டமா உக்காந்து பாட்டுப் பாடற நேரத்துக்குப் போகாதீங்க, எல்லா எடத்துலயும் அது நல்லாத்தான் இருக்கும், பொம்மைய எடுத்து வைக்கிற நேரத்துக்குப் போங்க. பாதிக் கட்டை அடுக்கி வச்ச குழந்தைகிட்ட அந்த டீச்சர் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க, சம்பளத்தப் பத்தி அதுக்கப்பறம் பேசலாம்.